குருவின் இசைத்தட்டுகள்

ஓர் ஆசிரியன் எழுதியது அத்தனையையும் ஒன்றுவிடாமல் சேர்த்துப் பிரசுரிப்பது அவனுக்குச் செய்கிற உபகாரமா, அபகாரமா என்பது எனக்கு நெடுநாளாக இருந்துவரும் சந்தேகம். நான் எழுதியதில் பாதிக்கு மேல் மறந்து போகப்பட வேண்டியது என்பது என் சொந்த அபிப்பிராயம். எனக்குப் பிறகு யாராவது ஓர் உற்சாகி அவற்றையெல்லாம் தேடி எடுத்து, பழைய பத்திரிகைகளிலிருந்து பிரதி செய்து, வருஷ வாரியாக அடுக்கி வைத்தால் எனக்குச் சந்தோஷம் ஏற்படாது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைத் தள்ளுவது என்று தெரிந்தவன்தான் நல்ல பதிப்பாசிரியன் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன்.

இந்த அபிப்பிராயத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கு ஒரு நாவலாசிரியனாலோ கவிஞனாலோ ஏற்படவில்லை. கார்னெட் என்கிற குழலை வாசித்த ஜோ ஆலிவர் என்ற அமெரிக்கரால் ஏற்பட்டது. கார்னெட் என்பது டிரம்பெட்டின் தம்பி மாதிரி. உருவத்தில் சற்றுக் குட்டை, நாதத்தில் சற்று மென்மை. ஆரம்பகால ஜாஸ் வித்வான்கள் பெரும்பாலும் அதைத்தான் வாசித்தார்கள். ஆலிவருக்கு 'கிங்', அதாவது ராஜா என்று பட்டம். சர்க்கார் தந்த பட்டமல்ல, ஊர் தந்தது.

அவருடைய இசைத்தட்டுகளின் முழு மறுபதிப்பு ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் 'க்ளாஸிக்ஸ்' என்ற பெயரில் வெளியான வரிசையில், கால முறைப்படி, ஐந்து தட்டுகள். சங்கீத ரஸிகரான என் நண்பர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதிலே உருப்படியாக எத்தனை தேறும்?" என்று கேட்டார். "ஓர் இருபது தேறும்" என்றேன். "அப்படியானால் அந்த இருபதை மட்டும் ஒரே தட்டாக வாங்கி வைத்துக்கொண்டிருக்கக் கூடாதோ? மிச்சத்துக்கு எதற்குத் தண்டச் செலவு?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

ஆலிவர் 1880-களில் லூசியானா மாகாணத்தில் பிறந்தவர். நியூ ஆர்லீன்ஸ் நகரத்து பாண்டு கோஷ்டிகளில் வாசித்துப் பெயர் எடுத்து, 1918 வாக்கில் சிக்காகோவுக்குப் போனார். தென் மாகாணங்களிலிருந்து கறுப்பு மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை தேடி வடக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்களோடு அவர்களுடைய சங்கீதமும் ரயில் ஏறிப் போயிற்று. சிக்காகோவில் லிங்கன் கார்டன்ஸ் என்ற நடன மண்டபத்தில் ஆலிவரின் 'கிரியோல் ஜாஸ் பாண்டு' வாசித்தது. 1922 ஆகஸ்டில் நியூ ஆர்லீன்ஸிலிருந்து இரண்டாவது கார்னெட் வாசிக்க ஒரு பையனைத் தந்தி அடித்து வரவழைத்தார். பையனுக்கு வயசு 21. பெயர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்.

இங்கேதான் ஆலிவரின் துரதிருஷ்டம் ஆரம்பிக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங் போன்ற சிஷ்யன் ஒருவன் வாய்த்துவிட்டால், குருவுக்குச் சரித்திரத்தில் ஓர் இடம் நிச்சயம் உண்டு. ஆனால் அது சிஷ்யனின் சரித்திரத்தில் முதல் அத்தியாயமாக இருக்கிற இடம். ஜாஸைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆலிவரைப் பற்றி இரண்டு பக்கம் மரியாதையாக எழுதிவிட்டு, அவசர அவசரமாக ஆர்ம்ஸ்ட்ராங்குக்குப் போய்விடுகிறார்கள். தேர்ந்தெடுத்த தொகுதிகளிலும் இப்படித்தான். ஆலிவரின் பாண்டு வாசித்ததில் மூன்றோ நாலோ எடுத்துப் போடுவார்கள். எதை என்று பார்த்தால், ஆர்ம்ஸ்ட்ராங் முதன்முதலாகத் தனித்து வாசித்த 'சைம்ஸ் ப்ளூஸ்' அவசியம் இருக்கும். பின்னால் வந்தவனை வைத்து முன்னால் இருந்தவனை அளக்கிற காரியம் இது. நானும் வெகுநாள் ஆலிவரை இப்படித்தான் அறிந்திருந்தேன். பெரிய வீட்டுக்குள் போகிற அவசரத்தில் திண்ணையைக் கடந்து போகிற மாதிரி கடந்து போனேன்.

முழுத்தொகுதியை முதல் தட்டிலிருந்து கேட்க ஆரம்பித்தபோது எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி ஏமாற்றம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒரு கிணற்றுக்குள்ளிருந்து ஏழு பேர் ஒரே சமயத்தில் வாசிக்கிற மாதிரி இருந்தது. யார் எதை வாசிக்கிறார்கள் என்று காது பிரித்தறிய மறுத்தது.

அதற்குக் காரணம் உண்டு. 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இண்டியானா மாகாணத்து ரிச்மண்ட் என்ற சிற்றூரில் முதல் பதிவு நடந்தது. பியானோ செய்து விற்கிற கம்பெனி ஒன்று 'ஜெனெட்' என்ற பெயரில் நடத்திவந்த பதிவுக்கூடம் அது. ரயில் பாதை ஓரத்தில் இருந்தது. வண்டி போகும்போது பதிவை நிறுத்தி வைப்பார்களாம். மைக் கிடையாது, மின்சாரப் பதிவு 1925-ல்தான் வந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று எல்லாரும் வாசிக்க வேண்டும். அந்தச் சப்தத்தின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தகட்டில் கோடு கிழிக்கும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும். ஆகவே டிரம் வித்வானான பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காட்ட வேண்டியிருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் நாதம் மற்றவர்களை அமுக்கிவிடுகிறது என்று அவரைத் தள்ளிப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள் என்று, அப்போது பியானோ வாசித்தவரும் அடுத்த வருஷம் அவரை மணந்துகொண்டவருமான லில் ஹார்டின் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் நாலைந்து கம்பெனிகளுக்கு அந்த பாண்டு வாசித்துக் கொடுத்த பக்கங்கள் 40-க்கும் குறைவு. அந்தத் தட்டுகளைக் கறுப்பு மக்கள் வாங்கினார்கள், நடனம் ஆடினார்கள், தேயத் தேயப் போட்டுக் கேட்டார்கள். அந்தக் காலத்து இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டைக் கொஞ்சம் தின்றுவிடும். யாருக்கும் பிடிக்காத தட்டு பளபளவென்று பிழைத்திருக்கும். பிடித்த தட்டு தேய்ந்து கிடக்கும். 'ஜூலுஸ் பால்', 'வொர்க்கிங் மேன் ப்ளூஸ்' என்ற இரண்டு பக்கங்கள் கொண்ட ஜெனெட் தட்டுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் இருப்பதாக அறியப்பட்டிருக்கிறது. மறுபதிப்புகளில் நாம் கேட்கிற 'ஜூலுஸ் பால்' அந்த ஒரு தட்டின் குரல்தான். அது கை தவறி விழுந்து உடைந்திருந்தால் அந்தப் பாட்டு நமக்கு ஒரு பெயராக மட்டும் மிஞ்சியிருக்கும்.

எனவே மறுபதிப்பு என்றால் ஏதோ கம்பெனிக் கிடங்கிலிருந்து மூலத்தகட்டை எடுத்து மறுபடி அச்சடிக்கிற காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. பல கம்பெனிகள் மூடிப் போயின; மூலத்தகடுகளைப் பெரும்பாலும் யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. சேகரிப்பாளர்களிடம் இருக்கும் தேய்ந்த தட்டுகளில் எது குறைவாகத் தேய்ந்தது என்று தேடி, இரவல் வாங்கி, அதிலிருந்து எடுத்தாக வேண்டும். தட்டு எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதே ஒரு பிரச்னை. நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பேச்சுக்குத்தான்; அந்தக் கம்பெனிகள் அதைக் கறாராக அனுசரிக்கவில்லை. வேகம் மாறினால் சுருதி மாறும். கார்னெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் எந்தச் சுருதியில் வாசிப்பது இயல்பு என்று பார்த்து வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் பாடபேதம் தீர்மானிக்கிற வேலைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இந்த வேலையில் ஜான் ஆர். டி. டேவிஸ் என்ற ஆங்கிலேயருக்குத் தனி இடம் உண்டு. 2004-ல் காலமானார். அவரே ஜாஸ் வாசித்தவர். தட்டிலிருந்து நாடாவில் பதிவு செய்துகொண்டு, 'டிக்' என்று சப்தம் கேட்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் நாடாவின் மேல் பூச்சைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்துவிடுவாராம். மூன்று நிமிஷப் பாட்டில் நூற்றுக்கணக்கான 'டிக்'குகள் இருந்தால், நூற்றுக்கணக்கான தடவை சுரண்ட வேண்டும். இரைச்சலை மட்டும் எடுத்தார், சங்கீதத்தைத் தொடவில்லை. அதுதான் அவர் சிறப்பு.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1980-களில் ராபர்ட் பார்க்கர் என்பவர் பழைய தட்டுகளைச் சுத்தம் செய்ததோடு நிற்காமல், அவற்றுக்குச் செயற்கையாக ஸ்டீரியோ விஸ்தாரமும் எதிரொலியும் கொடுத்து வெளியிட்டார். ஆலிவரின் பிற்காலத் தட்டுகளும் அந்த வரிசையில் வந்தன. முதல் தடவை கேட்டால் மனசு மயங்கத்தான் செய்கிறது. இரண்டாவது தடவை, ஆலிவர் நின்று வாசிக்காத ஒரு பெரிய மண்டபத்தில் அவரை நிறுத்தி வைத்திருப்பது தெரிகிறது. கிழவருக்குத் தலைமுடிக்குச் சாயம் பூசிக் கல்யாணத்துக்கு அழைத்துப் போகிற மாதிரி. எனக்குச் சம்மதமில்லை.

1923-ஆம் வருஷப் பதிவுகளுக்கு மட்டும் 2006-ல் 'ஆர்க்கியோஃபோன்' என்ற அமெரிக்கக் கம்பெனி இரண்டு தட்டுகளாக ஒரு முழுப்பதிப்பு வெளியிட்டது. க்ளாஸிக்ஸ் வரிசையையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். க்ளாஸிக்ஸில் கிணற்றுக்குள் கேட்ட ஏழு பேர், இதில் கிணற்றை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள். டிராம்போன் எங்கே நிற்கிறது, கிளாரினெட் எங்கே வளைந்து போகிறது என்று தெரிகிறது. க்ளாஸிக்ஸ் வரிசைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு பாட்டை ஒரே பதிவில் இரண்டு தடவை வாசித்திருந்தால், ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது அதன் கொள்கை. முழுத்தொகுதி என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிச் செய்வதில் எனக்கு வருத்தம். அந்த வரிசை நின்றுபோய்விட்டது. பழைய பிரதிகளைத்தான் தேடி வாங்க வேண்டும்.

இரண்டு தடவை வாசித்ததைக் கேட்டு என்ன லாபம் என்று என் நண்பர் கேட்பார். எனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்கிறேன்.

'டிப்பர் மவுத் ப்ளூஸ்' என்பது ஆலிவரின் புகழ்பெற்ற பாட்டு. பன்னிரண்டு தாளக் கட்டங்கள் கொண்ட சுற்று ஒன்று. அதை மூன்று தடவை ஆலிவர் தனியே வாசிக்கிறார். கார்னெட்டின் வாயை மூடித் திறந்து, குழந்தை அழுகிற மாதிரியும், கெஞ்சுகிற மாதிரியும், கேலி செய்கிற மாதிரியும் ஒரு நாதத்தை எழுப்புகிறார். கிண்ணம், பாட்டில், தொப்பி என்று எது கிடைத்தாலும் குழலின் வாயை மூடப் பயன்படுத்தியவர் அவர். ஏப்ரலில் ஜெனெட்டுக்கு வாசித்தது ஒன்று. ஜூனில் ஓக்கே கம்பெனிக்கு வாசித்தது ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டிலும் அந்தத் தனி வாசிப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஜாஸ் என்றால் அந்தந்தக் கணத்தில் மனோதர்மத்தால் பிறப்பது என்று படித்திருந்த எனக்கு இது ஓர் அதிர்ச்சியாக இருந்தது. நம் கச்சேரிகளில் கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காது, வித்வான் நேற்றுப் பாடியதையே இன்றும் பாடினால் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். பிறகுதான் 'மேபல்ஸ் டிரீம்' என்ற பாட்டின் மூன்று பதிவுகளைக் கேட்டேன். பாராமவுண்ட் கம்பெனிக்கு ஒரே சமயத்தில் வாசித்த இரண்டு, ஓக்கேக்கு வாசித்த ஒன்று. மூன்றிலும் அமைப்பு ஒன்றேதான். ஆனால் இரண்டு கார்னெட்டுகளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கிற விதத்திலும், மெட்டைச் சற்று முன்தள்ளியோ பின்தள்ளியோ வைக்கிற விதத்திலும் நுட்பமான பேதங்கள் தெரிந்தன.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஆலிவர் தனியாவர்த்தனத்துக்காக வாசித்தவர் அல்ல. அவருடைய சிருஷ்டி அந்த ஏழு பேர் சேர்ந்து எழுப்புகிற நாதம். யாருக்கு எவ்வளவு இடம், எப்போது தணிவது, எப்போது ஏறுவது, கடைசிச் சுற்றில் எவ்வளவு உஷ்ணம் கூட்டுவது என்பதுதான் அவர் கலை. பாண்டு முழுவதும் சட்டென்று நின்றுவிட, இரண்டு கார்னெட்டுகள் மட்டும் இரண்டு கட்டங்களுக்குச் சேர்ந்து ஓடுகிற இடங்கள் உண்டு. மற்ற வித்வான்கள் வந்து வாய் பிளந்து நின்று கேட்டது இதைத்தான். ஆலிவர் தாம் வாசிக்கப் போவதைச் சற்று முன்னாலேயே ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் குறிப்பாகக் காட்டிவிடுவார்; பையன் அதற்கு இசைவான இரண்டாவது குரலை உடனே பிடித்துக்கொள்வான். குருவின் பெருமை அதில் இருக்கிறது. சிஷ்யனின் அடக்கமும் அதில் இருக்கிறது. தனி வாசிப்புகளைப் பொறுக்கி எடுத்துக் கோக்கிற தொகுதியில் ஆலிவர் அகப்படவே மாட்டார். உயரமான மரத்தைக் கத்தரித்து வந்து காட்டலாம்; தோப்பின் நிழலைக் கத்தரித்து வந்து காட்ட முடியாது.

இது முழுத்தொகுதி எனக்குக் கற்பித்த முதல் பாடம். இரண்டாவது பாடம் கொஞ்சம் கசப்பானது.

ஆர்ம்ஸ்ட்ராங் 1924-ல் ஆலிவரை விட்டுப் போனார். அடுத்த வருஷமே ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் நியூயார்க் கோஷ்டியோடு 'டிப்பர் மவுத்' பாட்டை 'சுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்ற புதுப் பெயரில் வாசித்தார். அதில் ஆலிவரின் மூன்று சுற்றுகளையும் குருவின் சொத்து என்கிற மரியாதையோடு வாசிக்கிறார். 1926-ல் ஆலிவரும் தம்முடைய புதிய, பெரிய கோஷ்டியோடு, அதே புதுப் பெயரில் தம் பாட்டைப் பதிவு செய்தார். இதுவரை எல்லாம் சுமுகம்.

1928 ஜூன் 11-ஆம் தேதி ஆலிவர் தாம் இயற்றிய 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அமைதியான பாட்டு, ஆடம்பரம் கிடையாது. மெட்டை நேராகச் சொல்லி, கோஷ்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் கொடுத்து முடிக்கிறார். பதினேழு நாள் கழித்து, ஜூன் 28-ஆம் தேதி, சிக்காகோவில் ஆர்ம்ஸ்ட்ராங் அதே பாட்டைப் பதிவு செய்தார். துணை எதுவும் இல்லாமல், தாளமும் இல்லாமல், தன்னந்தனியே ஆரம்பிக்கிறார்; சுமார் பன்னிரண்டு வினாடிகள். ஏறி இறங்குகிற அந்தப் பன்னிரண்டு வினாடிகளில் ஜாஸ் சங்கீதம் ஒரு நூற்றாண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டது என்று சொன்னால் மிகையாகாது. கடைசிச் சுற்றில் ஒரே ஸ்வரத்தை நாலு கட்டங்களுக்கு நிறுத்திப் பிடிக்கிறார். பாட்டு குருவினுடையது என்பதே உலகத்துக்கு மறந்து போயிற்று.

இதெல்லாம் எல்லாப் புஸ்தகங்களிலும் இருப்பதுதான். எனக்கும் தெரிந்ததுதான். நான்காவது தட்டில் வருவது எனக்குத் தெரியாமல் இருந்தது. 1929 ஜனவரி 16-ஆம் தேதி ஆலிவர் விக்டர் கம்பெனிக்காக 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பாட்டை மறுபடியும் பதிவு செய்கிறார். தட்டு சுற்ற ஆரம்பிக்கிறது. தன்னந்தனியே ஒரு டிரம்பெட், அந்தப் பன்னிரண்டு வினாடி முன்னுரையை ஆர்ம்ஸ்ட்ராங்கின் அடிச்சுவட்டிலேயே வாசிக்கிறது. வாசிக்கிறவர் ஆலிவர் அல்ல. கோஷ்டியில் இருந்த லூயி மெட்காஃப் என்ற இளைஞர்.

ராஜா என்று பட்டம் பெற்றவர்; தம்முடைய கோஷ்டி; தாமே இயற்றிய பாட்டு. அதில் இன்னொருவர், தம் சிஷ்யனைப் பார்த்துக் காப்பி அடித்து வாசிக்க, இவர் கூட இருக்கிறார். அந்தக் காலத்தில் ஆலிவருக்கு ஈறு நோய். பல் தேய்ந்து, உதடு ஓய்ந்து, சில நாள் வாசிக்க முடியும், பல நாள் முடியாது. விக்டருக்கு அவர் செய்த பதிவுகள் பலவற்றில் முக்கியமான இடங்களை மற்றவர்களே வாசித்தார்கள். தட்டின் மேல் பெயர் அவருடையது. ஜனங்கள் கேட்டது ஆர்ம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. ஆகவே அதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தப் பதிவை எந்தத் தேர்வுத் தொகுதியிலும் சேர்க்க நியாயமில்லை. கலை என்று பார்த்தால் இது நகல். நன்றாகச் செய்த நகல், அவ்வளவுதான். நானே தேர்ந்தெடுத்திருந்தால் முதல் வேலையாக இதைத் தள்ளியிருப்பேன். ஆனால் ஒரு நாவலாசிரியனாகச் சொல்கிறேன்: ஐந்து தட்டுகளில் என்னை அதிகமாக உலுக்கியது இந்த மூன்று நிமிஷம்தான். இதைக் கேட்ட பிறகு மறுபடியும் 1928 ஜூன் 11-ஆம் தேதிப் பதிவுக்குத் திரும்பிப் போனேன். ஆடம்பரமில்லாத பாட்டு என்று மேலே சொன்னேன் அல்லவா? முன்பு அதை ஆர்ம்ஸ்ட்ராங்கின் பாட்டுக்கு ஒரு சாதாரண முன்வடிவமாகத்தான் கேட்டிருந்தேன். இப்போது அது அதுவாகவே கேட்டது. யாருக்கும் முன்னோடியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு மனிதர், தாம் போட்ட மெட்டை, தமக்குத் தெரிந்த நிதானத்தில் வாசிக்கிறார்.

முழுத்தொகுதிக்கு நான் சொல்லக்கூடிய நியாயம் இதுதான். தேர்ந்தெடுக்கிறவன் எப்போதும் பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கிறான். ஆலிவரைத் தேர்ந்தெடுக்கிறவன் காதில் ஆர்ம்ஸ்ட்ராங் ஒலித்துக்கொண்டே இருப்பார். அதைத் தவிர்க்க முடியாது. முழுத்தொகுதி மட்டும்தான், பின்னால் என்ன நடக்கும் என்று தெரியாத ஒரு மனிதன் ஒவ்வொரு பதிவாகச் செய்துகொண்டு போனதை, அவன் செய்த வரிசையிலேயே நமக்குக் காட்டுகிறது. 1924 டிசம்பரில் ஜெல்லி ரோல் மார்ட்டனின் பியானோவோடு அவர் மட்டும் உட்கார்ந்து வாசித்த இரண்டு பக்கங்கள். 1926-ல் 'ஸ்நாக் இட்' பாட்டில் ஒரு சின்ன இடைவெளியில் அவர் வாசித்து, ஊரெல்லாம் டிரம்பெட்காரர்கள் உருப்போட்ட அந்த இரண்டொரு வினாடி. 1927-ல் நியூயார்க்கில் காட்டன் கிளப் வேலை கூலி போதாது என்று வேண்டாம் என்றது (அந்த வேலை டியூக் எல்லிங்டனுக்குப் போய் அவரைப் பெரிய மனிதராக்கிற்று). அதற்குப் பிறகு தட்டுகளில் தெரிகிற தளர்ச்சி. இவை எல்லாம் ஒரு வாழ்க்கை. பொறுக்கி எடுத்த இருபது பாட்டில் வாழ்க்கை கிடையாது, பாட்டுகள்தான் உண்டு.

சேகரிப்பாளர்களின் வியாதி எனக்குத் தெரியாததல்ல. 1929-ல் 'பிளைண்ட் வில்லி டன்' என்ற பொய்ப் பெயரில் வெளிவந்த தட்டுகள் சில உண்டு. எட்டி லாங் என்ற வெள்ளைக்கார கிடார் வித்வான், கறுப்பரான லானி ஜான்ஸனோடு சேர்ந்து வாசிப்பதற்காக வைத்துக்கொண்ட பெயர் அது. அவற்றில் கார்னெட் வாசிப்பது ஆலிவர்தான் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. 1955-லேயே வால்டர் ஆலனும் பிரையன் ரஸ்டும் ஆலிவரின் பதிவுகளை வரிசைப்படுத்தி ஒரு புஸ்தகம் போட்டார்கள். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தில் எந்தச் சுற்றை வாசித்தது யார் என்ற தர்க்கம் ஓய்ந்தபாடில்லை. தட்டைக் கேட்பதை விட்டுவிட்டுத் தட்டின் எண்ணைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பதிவு இல்லாவிட்டால் தூக்கம் வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கீதம் ஒரு சாக்கு. ஆனால் அந்த ஒற்றைப் பிரதி 'ஜூலுஸ் பா'லைக் காப்பாற்றி வைத்ததும் இப்படிப்பட்ட ஒரு வியாதிக்காரர்தான் என்பதை நினைக்கும்போது, அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

முழுத்தொகுதி என்பதும் பெயரளவுக்குத்தான் முழுமை. ஆலிவர் உச்சத்தில் இருந்தது 1923-க்கு முந்திய வருஷங்களில் என்று நேரில் கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது எங்கும் பதிவாகவில்லை. மூன்று நிமிஷத் தட்டில் அடங்காமல், லிங்கன் கார்டன்ஸில் நடனக்காரர்களுக்காக நீட்டி நீட்டி வாசித்தது எங்கும் பதிவாகவில்லை. பேபி டாட்ஸின் பெரிய டிரம் பதிவாகவில்லை.

ஐந்தாவது தட்டு 1931-ல் முடிகிறது. அதற்குப் பிறகும் ஆலிவர் ஏழு வருஷம் உயிரோடிருந்தார். தென் மாகாணங்களில் சின்னச் சின்னக் கோஷ்டிகளோடு பஸ்ஸில் சுற்றினார். பஸ் நின்றது, கோஷ்டி கலைந்தது. ஜார்ஜியா மாகாணத்தில் சவான்னா என்ற ஊரில், தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த அவரை 1937-ல் பார்த்துக் கையிலிருந்த பணத்தைக் கொடுத்ததாக ஆர்ம்ஸ்ட்ராங் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை. ரத்த அழுத்தத்துக்கு வைத்தியம் பார்க்கப் பணம் போதவில்லை. நியூயார்க்கில் இருந்த சகோதரிக்கு எழுதிய கடிதங்களில், அங்கே வருவதற்கு டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பதாக எழுதினார். யாரையும் நொந்துகொள்ளாமல் எழுதிய கடிதங்கள் அவை. 1938 ஏப்ரலில் இறந்தார். உடலைத்தான் நியூயார்க்குக்குக் கொண்டு போனார்கள்.

என் நண்பருக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்று 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'களையும் தேதி வரிசைப்படி போட்டுக் காண்பித்தேன். இரண்டாவது, அதாவது ஆர்ம்ஸ்ட்ராங்கினுடையது முடிந்ததும், "இது பிரமாதம், ஓய்!" என்றார். மூன்றாவது முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "முதலில் போட்டதை இன்னொரு தடவை போடுங்கள்" என்றார். போகும்போது ஐந்து தட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நாலு திரும்பி வந்துவிட்டன. அந்த நாலாவது தட்டு மட்டும் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, ஞாபகப்படுத்த வேண்டும்.